இடுப்பொடிஞ்சான் தாண்டிய தெரு

இரண்டு பெரும் போர்களுக்கு நடுவே இத்தாலி தேசத்தில் ஒரே ஒரு மாதிரியாகச் செய்யப்பட்டு, எந்தப் படையும் ஏற்றுக்கொள்ளாமல் போன கவச வண்டி கடலிலிருந்து ஏறிக் கருவலங்கரைக்கு வந்து சேர்ந்த அன்று காலையில், சின்னப்பனின் உடல் தூம்பா என்ற மரப்பாடையில் கிடத்தப்பட்டு வாய்க்கால் கரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அக்கரையில் நாட்டாண்மை தனிஸ்லாஸ் தம் கைத்தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தடியைத் தாண்டுவதா, திரும்புவதா என்று தெரியாமல் தெற்குத் தெரு முழுவதும் சின்னப்பனின் மகள் சவரியாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கருவலங்கரையில் ஒரே கோயில், சந்தியாகப்பர் கோயில். அதன் பெரிய வாசலிலிருந்து புறப்பட்டு, நூல் பிடித்தாற்போல் நேராக வாய்க்கால் வரை வருவது பெரிய தெரு. வாய்க்காலுக்கு இப்பால் தெற்குத் தெரு. இரண்டு தெருவும் ஒரே தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவைதான், சாவில்தான் பிரிந்தன. பெரிய தெருவில் ஒருவர் இறந்தால் துக்கமணி அடிக்கும், தூம்பாவைத் தோளில் சுமந்து தெரு நெடுகக் கொட்டுடன் போய்ப் பெரிய வாசல் வழியாக நுழைந்து பீடத்தின் முன் வைத்துப் பூசை வைப்பார்கள். தெற்குத் தெருவில் இறந்தவர் ஓடை வழியாகச் சுற்றிப் போய், கல்லறைத் தோட்டத்தின் கொல்லைவாசலில் இறக்கப்பட்டு, சாமியார் வந்து தெளிக்கும் தீர்த்தத்தோடு மண்ணுக்குள் போக வேண்டும். சின்னப்பன் குழிவெட்டி. பெரிய தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்தான் குழி வெட்டினார். பூசை முடிந்து தூம்பா வரும்வரை மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். கோயில் வாசல் உள்ளிருந்து எப்படித் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தம்மை அந்த வாசல் வழியாக, நாலு பேர் தோளில் கொண்டுபோக வேண்டும் என்று அவர் மகளிடம் சொன்னதில்லை. சொல்லாததை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"ஏண்டி சவரியாயி, உங்கப்பனுக்குத் தெரியாத வழியா?" என்றார் தனிஸ்லாஸ். "ஆயுசு பூரா ஓடை வழியாத்தான மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான். புதுசா என்ன?"

"ஓடையில தண்ணி போகுதுங்க ஐயா. இடுப்பளவு."

"அப்ப வடியட்டும்."

"வடியற வரைக்கும் பொணம் தாங்குமாங்க?"

பெரிய தெருப் பக்கம் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார்; சிரிப்பு நின்றது. சவரியாயியின் புருஷன் லாசர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பேச்ச வளக்காத, நான் நீந்திக்கூடக் கொண்டு போயிருவேன்" என்று முணுமுணுத்தான்.

அப்போதுதான் உப்பளத்துக்கு அப்பாலிருந்து வண்டி வந்தது. ஆளுயரத்துக்கும் மேலான நான்கு இரும்புச் சக்கரங்கள், அவற்றின் நடுவே கொப்பரை போன்ற இரும்பு உடல், உடலின் நட்டநடுவில் ஒரு மூட்டு. அந்த மூட்டில் முன்பாதி ஒருபுறமும் பின்பாதி மறுபுறமுமாக முறுக்கிக்கொண்டு, இடுப்புவலிக்காரன் படியிறங்குவதைப் போல அது மேடு பள்ளங்களில் ஏறி இறங்கி வந்தது. கடற்பாசி அதன் விளிம்புகளில் தொங்கியது. துப்பாக்கி இருக்க வேண்டிய துளையிலிருந்து நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. ஓட்டுபவர் யாரும் இல்லை, இயந்திரத்தின் ஓசையும் இல்லை. சக்கரங்கள் மண்ணை அரைக்கும் சத்தம் மட்டும். இரு கரையிலும் நின்றவர்கள், நேரங்கழித்து வரும் பேருந்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள். வண்டி வாய்க்காலில் இறங்கி, முன்பாதி அக்கரையிலும் பின்பாதி இக்கரையிலுமாக வளைந்து நின்று, தன் விலாவிலிருந்த கதவைத் திறந்தது.

"இதுல வைங்க" என்றாள் சவரியாயி.

வைத்தார்கள். கதவு மூடிக்கொண்டது. வண்டி அக்கரை ஏறியது. பெரிய தெருவின் குறுக்கே அவசர அவசரமாக மாட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். அது, தேங்கிய நீரைத் தாண்டும் பெண் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, ஒரு நுகத்தடியையும் முறிக்காமல் தாண்டிப் போயிற்று. அதன் பின்னால் தெற்குத் தெரு கால் எடுத்து வைத்தபோது தனிஸ்லாஸின் தடி மறுபடியும் குறுக்கே விழுந்தது.

"வண்டி போச்சு, போகட்டும். வண்டிக்கு நான் குறுக்க நிக்கல. நீங்க எங்க வர்றீங்க?"

ஆகவே சின்னப்பன் தனியாகப் பெரிய தெருவில் போனார். வண்டி கோயிலின் பெரிய வாசலில் பின்பாதியைத் தாழ்த்தித் தூம்பாவை வாசற்படியில் வழுக்கி இறக்கியது. இஞ்ஞாசி சாமியார் வெளியே வந்தார், ரோமாபுரியில் படித்தவர், வண்டியைப் பார்த்ததும், வெளியூர்ச் சந்தையில் உறவுக்காரரைக் கண்டவரைப் போல இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். பிறகு, வாசலுக்கு வந்துவிட்ட உடலைத் திருப்பி அனுப்ப எந்தப் புத்தகத்திலும் செபம் இல்லாததால், உபதேசியாரை மட்டும் வைத்துக்கொண்டு பூசையைச் செய்து முடித்தார். சவரியாயி இடுப்பளவுத் தண்ணீரில் ஓடையைக் கடந்து, ஈரச் சேலையோடு ஓடிச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா அந்த வாசலில் நுழைந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்காததால் அது அவளுக்கு நடக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு பெரிய தெரு கூடியது. வண்டி அப்போது தெற்குத் தெருவின் முனையில், கருவேல மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. ஆடுகள் அதன் நிழலில் படுத்திருந்தன. தெற்குத் தெருக்காரர்கள் அதற்கு இடுப்பொடிஞ்சான் என்று பேர் வைத்துவிட்டிருந்தார்கள். பெரிய தெருக்காரர்கள் சாமியாரிடம் விளக்கம் கேட்டார்கள். தாம் படிக்கிற காலத்தில் ஒரு மைதானத்தில் இதே வண்டியைக் கண்டதாக அவர் சொன்னார். பதுங்குகுழிகளையும் அகழிகளையும் தாண்டுவதற்கென்றே செய்தார்களாம். தளபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். வண்டி எல்லாவற்றையும் தாண்டிக் காட்டியது. அவர்கள் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

"ஏன் சாமி?"

"தாண்டியது. தாண்டிய பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை."

தனிஸ்லாஸ் யோசித்தார். அவர் கொடியவர் அல்லர், ஒழுங்கை நேசித்தவர், எதையும் எங்காவது ஓரிடத்தில் அடுக்கி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"சாமி, பாப்பரசர் இருக்கற ரோமாபுரி எந்த தேசம்?"

"இத்தாலி."

"வண்டி?"

"இத்தாலிதான்."

"அப்பச் சரி" என்றார் தனிஸ்லாஸ். கூட்டமே மூச்சு விட்டது. பாப்பரசரின் தேசத்து வண்டி எந்தத் தெருவிலும் போகலாம். மேலும் இரும்புக்குத் தீட்டில்லை. இரும்புக்குள் மூடிக் கிடப்பதற்கும் தீட்டில்லை. ஆக, தெற்குத் தெருவில் இறந்தவர்கள் இனிமேல் பெரிய தெரு வழியாகவே கோயிலுக்குப் போகலாம். வண்டியில் போக வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், கொட்டு கூடாது, உயிரோடிருப்பவர்கள் ஓடை வழியாக வர வேண்டும். இவ்வளவுதான். முன்னோர்கள் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் வியந்தார். விதி பிறந்து இன்னும் வெயில்கூட ஏறியிருக்கவில்லை.

அதன்பின் தெற்குத் தெருவில் எப்போது உயிர் பிரிந்தாலும் இடுப்பொடிஞ்சான் கருவேலமரத்தை விட்டுக் கிளம்பி, அந்த வீட்டு வாசலில் வந்து கதவைத் திறந்தது. அது பெரிய தெருவில் போகும்போது சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. போன பிறகு பெண்கள் வந்து சாணித்தண்ணீர் தெளித்தார்கள். அதே பெண்கள் சந்தியாகப்பர் திருவிழாவன்று, சாமி ஏறிவந்த குதிரையின் மறுபிறப்பு என்று அதன் சக்கரத்துக்கு மாலை போட்டு, சீக்கான பிள்ளைகளை அதன் வயிற்றுக்கடியில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்கினார்கள். வண்டி வருவதற்கு முன் என்ன வழக்கம் இருந்தது என்பது அடுத்துப் பிறந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் மறந்ததாக வைத்துக்கொண்டார்கள். தனிஸ்லாஸின் அண்ணன் மிக்கேல், பெரிய தெருவிலேயே பெரிய நிலக்காரர், சாகும் தறுவாயில் தம்மை அந்த வண்டியில்தான் எடுத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். உடலைக் கொண்டுபோய் அதன் முன் வைத்துக் காத்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை. மாலை போட்டும் மெழுகுத்திரி கொளுத்தியும் பார்த்துவிட்டு, கடைசியில் பழையபடி தோளில் தூக்கிப் போனார்கள். அன்றிலிருந்து பெரிய தெருவில் விதியின் இறுக்கம் இன்னும் ஒரு சுற்று கூடியது.

தெற்குத் தெருவுக்கு அதில் ஒரு பெருமையும் பிறந்துவிட்டிருந்தது. "அவனுவ செத்தா நாலு பேரு வேர்வையில நாறிக்கிட்டுப் போறான். நம்மாளு ராசா மாதிரிப் போறான்" என்பான் லாசர், களத்துமேட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே.

"ராசா கூட நாலு பேரு போவாங்க" என்பாள் சவரியாயி.

"வாசல் வழியாப் போனாப் போதாதா? அதத்தான கேட்ட?"

"நான் வாசலக் கேட்டேனா? தூக்கிட்டுப் போகணும்னுதான கேட்டேன். எங்கப்பா செத்த மாடு மாதிரி வண்டியில போனாரு. நான் ஓடைக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன்."

"எனக்கு வண்டியே போதும்டி. உனக்குத்தான் முடியல."

"உன்னைய நான் தோள்லதான் கொண்டு போவேன்."

"மொதல்ல நான் சாவணும்ல?" என்று அவன் சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நடவு நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் லாசர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான். அவனை வரப்பில் கிடத்துவதற்குள் வண்டி வயலோரம் வந்து நின்றுவிட்டது. சவரியாயி வேண்டாமென்று கத்தினாள். நெடுங்கால வழக்கத்தில் பழகிய கைகள் அதற்குள் தூம்பாவைக் கொண்டுவந்து அவனை அதில் கிடத்தி உள்ளே வைத்துவிட்டன. தெற்குத் தெருவுக்கும் அது முன்னோர் வழக்கமாகிவிட்டிருந்தது. கதவு மூடிக்கொண்டது. எல்லோரும் ஓடையை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில், பெரிய தெருப் பக்கம் சக்கரங்கள் மண்ணை அரைக்கும் சத்தம் நின்றதைக் கேட்டார்கள். சவரியாயி திரும்பினாள். வாய்க்காலை இறங்கிக் கடந்தாள். தடி பிடித்து மறிக்க அங்கே யாரும் இல்லை. ஏனென்றால் இடுப்பொடிஞ்சான் நட்டநடுத் தெருவில், தனிஸ்லாஸின் வீட்டு வாசலை ஒரு சக்கரத்தால் அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. கிழவராகிவிட்டிருந்த தனிஸ்லாஸ் சக்கரத்தின் ஆரங்களுக்கு உள்ளே, தம் வீட்டு நிலைப்படியில், கூண்டுக்குள் நிற்பவர்போல நின்றிருந்தார்.

"எடுக்கச் சொல்லு" என்றார் அவர்.

"யாருகிட்டச் சொல்ல? வண்டிக்குக் குறுக்க நிக்கமாட்டேன்னு நீங்கதான ஐயா சொன்னீங்க. நானும் நிக்கல."

"நீ ஏண்டி இந்தப் பக்கம் வந்த?"

"எம் புருசன் உள்ள இருக்காரு."

"அவன் இருக்கலாம். அவன் இரும்புக்குள்ள இருக்கான்."

சவரியாயி ஆரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் தணிந்தது. "ஐயா, தோள்ல தூக்கிட்டுப் போறோம். இந்தா தெரியுது வாசல். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், கதவு திறந்துரும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாது. சொல்லித்தான் பாருங்களேன்."

தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். அந்தச் சொல் அவருடைய நாக்கின் மேலேயே இருந்தது, அவளே பார்த்தாள். அவர் ஆரங்களின் இடைவெளியில் தலையைச் சாய்த்துத் தெருவின் வடக்கையும் தெற்கையும் பார்த்தார். இரண்டு பக்கமும் சாத்திய சன்னல்கள், ஒவ்வொரு சன்னலிலும் ஒரு விரற்கடை இடுக்கு, ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு கண். வாயை மூடிக்கொண்டார்.

"வேற என்ன வேணுன்னாலும் கேளு" என்றார். "அத மட்டும் கேக்காத."

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அவர்களைத் தேடி வந்தவர்களும் திரும்பிப் போகவில்லை. மெல்ல மெல்லத் தெற்குத் தெரு முழுவதும் பெரிய தெருவின் நடுவில், வண்டியைச் சுற்றி வந்து அமர்ந்தது. அங்கே சோறு பொங்கியது, பேன் பார்த்தது, பிள்ளை பெற்றது, சண்டை போட்டுச் சமாதானமானது. போலீசார் வந்து, தெருவில் உட்காரக்கூடாதென்று சட்டம் எதுவும் இப்போது இல்லையே என்று இரு பக்கத்தாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரும்புக்குள்ளிருந்து பிணவாடை வரவில்லை. நாற்றங்காலின் சேற்று வாடைதான் வந்தது, மழைக்காலத்தில் கொஞ்சம் தூக்கலாக.

பெரிய தெரு சண்டைக்கு வரவில்லை. அது வேறொன்று செய்தது. முதலில் மிக்கேலின் மகன், கோயிலுக்கு வடக்கே இருந்த தென்னந்தோப்பை அழித்து அங்கே வீடு கட்டினான். அவனுக்கு எதிரே இன்னொருவர் கட்டினார். பிறகு ஒவ்வொரு வீடாகத் தன் கதவுகளையும் சன்னல்களையும் பெயர்த்துக்கொண்டு, உத்தரங்களைக் கழற்றிக்கொண்டு, கிணற்றுச் சகடையை எடுத்துக்கொண்டு வடக்கே போயிற்று. தெருவின் பெயர்ப்பலகையையும் பிடுங்கிப் போய் அங்கே நட்டார்கள்; பெரிய தெரு இப்போது வடக்கில் இருந்தது. பலருக்குக் கடன் ஏறியது, சிலர் நிலத்தை விற்றார்கள், ஒரு கிழவி புது வீட்டில் திசை தெரியாமல் சுவரில் மோதிக்கொண்டே செத்தாள், யாரும் முறையிடவில்லை. சரி என்ற ஒரு சொல்லைச் சொல்வதைவிட, ஊரையே தூக்கி வைப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

கோயிலின் பெரிய வாசலைக் கீற்றுத் தட்டி கட்டி மறைத்த பிறகு, இஞ்ஞாசி சாமியார் ஒருநாள் வண்டியருகே வந்து நின்றார்.

"கோயிலில் கொஞ்சம் வேலை நடக்கிறதம்மா" என்றார். "பீடத்துக் கல்லை மட்டும் உடைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்."

"என்ன வேலைங்க சாமி?"

அவர் வண்டியின் இரும்பைத் தடவினார். "நான் இந்த வண்டி தாண்டியபோது கைதட்டினவன்" என்றார்.

"தட்டிட்டு?"

"மற்றவர்களோடு சாப்பிடப் போனேன்."

"இப்பவும் நேரமாகுது சாமி. போய்ச் சாப்பிடுங்க" என்றாள் சவரியாயி.

கடைசியாகப் போனது தனிஸ்லாஸின் வீடு. வாசலில் சக்கரம் நின்றதால் அவருடைய நிலைக்கதவைக் கொல்லைப்புறமாகக் கழற்றி எடுத்தார்கள். ஆட்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வடக்கே போன அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அவர் தலை தெருமுனையில் மறைந்ததும், இடுப்பொடிஞ்சானின் கதவு திறந்துகொண்டது. லாசர் வைத்தபடியே இருந்தான். கால்விரல்களின் இடுக்கில் நடவுச் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. தூம்பாவை வெளியே இழுத்ததும் வண்டியின் சக்கரங்கள் தாமாகவே மண்ணில் அழுந்தின. அதன் பிறகு அது எங்கும் போகவில்லை, எதையும் தாண்டவும் இல்லை.

தூம்பாவின் முன் வலப்பக்கக் காலைச் சவரியாயி தோளில் வாங்கினாள். மற்ற மூன்றையும் அவள் தம்பிமார் வாங்கினார்கள். அந்தத் தெருவில் முதன்முறையாகத் தெற்குத் தெருவின் கொட்டு முழங்கியது. கேட்பதற்கு யாரும் இல்லை. இரு புறமும் கதவில்லாத, சன்னலில்லாத வீடுகள். கொட்டுச் சத்தம் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கூரையில்லாத முற்றம் வழியாக வெளியேறிப் போய்க்கொண்டிருந்தது. சவரியாயி அழவில்லை. அவள் முகத்தில் ஒரு கல்யாணக்களை இருந்ததாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். தோளில் கனம் ஏற ஏற, அவள் நடை நிமிர்ந்தது. தன் அப்பனுக்கும் சேர்த்து அவள் நடந்தாள்.

கோயில் முற்றத்தை அடைந்து கீற்றுத் தட்டியை விலக்கியதும் கொட்டு ஒவ்வொன்றாக நின்றது. பெரிய வாசல் இருந்த இடத்தில் செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பூச்சு நன்றாக இருந்தது. வாசல் இருந்த தடமே தெரியாதபடி, வேலை தெரிந்த கொத்தனார் செய்திருந்தார். பீடத்தை அந்தச் சுவரோடு நகர்த்தித் திருப்பி வைத்து, வடக்கே புது வாசல் திறந்திருந்தார்கள். சுவருக்கு அப்பாலிருந்து, புதுப் பெரிய தெரு முழங்காலிட்டு எழும் சரசரப்பும், அதன்பின் பாட்டும் கேட்டன. தூம்பாவுக்கு நேர் எதிரே, ஒரு செங்கல் கனத்துக்கு அப்பால், பீடத்தின் முதுகு இருந்தது.

தம்பிகளில் இளையவனுக்குத் தோள் நடுங்கத் தொடங்கியது. "அக்கா" என்றான். "ஓடைப் பக்கமா வடக்கால போயிருவமா?"

"வேணாம்."

"அப்ப எறக்கி வச்சிரலாமா?"

சவரியாயி சுவரைப் பார்த்தாள். கூலி வேலையில் நாள் முழுக்கச் சுமந்து பழகிய தன் தோளைத் தூம்பா மரத்துக்கடியில் ஒருமுறை மாற்றிப் பொருத்திக்கொண்டாள்.

"எறக்காத" என்றாள்.

கைமாற்றிக்கொள்ள ஆட்கள் ஒவ்வொருவராக முன்னே வந்தார்கள். அப்பால் பூசை நடந்துகொண்டிருந்தது.